நின்ற இடம் உருகும்

வீட்டுக் கொல்லையில் ஓர் அடிபம்பு இருக்கிறது. மோட்டார் வந்தபின் அதை யாரும் தொடுவதில்லை. போன வாரம் மின்சாரம் போன ஒரு மாலையில் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. பம்பின் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். முனகிற்று, இருமிற்று, பிறகு துரு நிறத்தில் தண்ணீர் வந்தது. உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. ஈரம் பட்டதும் ஊறி விரிந்து குழாய்ச் சுவரைக் கவ்விக்கொண்டது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அன்று மத்தியானம்தான் தென்துருவம் போன ஸ்காட்டின் கடைசிப் பயணத்தைப் படித்து முடித்திருந்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

1912 ஜனவரி 17 அன்று ஸ்காட்டும் நால்வரும் தென்துருவத்தை அடைந்தார்கள். நார்வேக்காரர் ஆமுண்ட்சென் அதற்கு முந்தைய டிசம்பர் 14 அன்றே வந்து போயிருந்தார். திரும்பும் வழியில், முன்கூட்டியே பனியில் கிடங்கு கட்டி வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களைத் திறந்தால் எண்ணெய் குறைந்திருந்தது. யாரும் எடுக்கவில்லை. டின் மூடியின் கீழிருந்த தோல் வாஷர் வெயிலிலும் குளிரிலும் கிடந்து கெட்டுப்போக, அந்த இடுக்கு வழியாக எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிட்டது. மண்ணெண்ணெய் அங்கே சமையலுக்கு மட்டுமானதல்ல. அது இருந்தால்தான் குடிக்கத் தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை பனிக்கட்டி, ஆனால் உருக்கினால்தானே தொண்டையில் இறங்கும்?

ஆமுண்ட்சென் இதை முன்பே அறிந்திருந்தார். வடமேற்குக் கடல்வழிப் பயணத்தில் மண்ணெண்ணெய் எந்த மூட்டிலும் ஊர்ந்து வெளியேறுவதைப் பார்த்தவர். ஆகவே டின்களின் வாயை உறுதியாகப் பற்றவைத்து எடுத்துப்போனார்.

வாஷர்தான் ஸ்காட்டைக் கொன்றது என்று சொல்ல நான் தயாரில்லை. பசி இருந்தது, காயம் இருந்தது, அந்த மார்ச் மாதக் குளிர் வழக்கத்தைவிடக் கொடியதாக இருந்தது. கடைசிக் கூடாரத்தில் அவர்கள் இறந்தபோது அடுத்த பெரிய கிடங்கு சுமார் 18 கி.மீ. தூரத்தில் இருந்தது. அந்த 18 கி.மீ.யில் வாஷரின் பங்கு எத்தனை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

*

நான் 31 வருடம் கொதிகலன் பக்கத்தில் நின்றவன். துணிக்குச் சாயமேற்றும் ஆலை. அடுப்பு, ஃபீட் பம்பு, கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வு இவைதான் உலகம். எங்கள் மேஸ்திரி ஸ்டீம் லைன் நெடுக ஒரு நீளக் குச்சியின் நுனியில் துணி கட்டி நீட்டிக்கொண்டே நடப்பார். துணி படபடத்தால் அங்கே கசிவு. முதல் வாரம் நான் கையை நீட்டப் போனேன். “கைய எடு தம்பி. கண்ணுக்குத் தெரியுற ஆவி ஆறிப்போனது. தெரியாததுதான் சுடும்” என்றார்.

வெப்பத்தை ஓரிடத்தில் உண்டாக்கி, வழியில் இழக்காமல், வேண்டிய இடத்தில் இறக்கிவைப்பது. இதைத்தான் ஆயுள் முழுக்கச் செய்தேன். ஓய்வு பெற்றபின் துருவப் பகுதி ஆய்வு நிலையங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதற்கும் அதுதான் காரணம். அங்கே பெங்குயினையும் வானத்து வண்ண ஒளியையும் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். நான் தேடிப் படிப்பது ஜெனரேட்டர் அறையைப் பற்றி. அந்தக் குறிப்புகள்தான் இந்த நோட்டில்.

*

குளிரைத் தாங்குவதுதான் அங்கே பெரும் பாடு என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க வேறொன்று தெரிந்தது. அவர்களுடைய தொல்லையில் பாதி, அவர்கள் கொண்டுபோகும் சூட்டினால் வருவது.

எங்கள் ஆலையில் சூடு கசிந்தால் விறகு நட்டம். பனிமேல் வீடு கட்டியவனுக்குச் சூடு கசிந்தால் தரையே நட்டம். உள்ளே 20 டிகிரி வெப்பத்தில் மனிதன் உட்கார்ந்து எழுதுகிறான், தூங்குகிறான், சோறு வடிக்கிறான். அந்தக் கதகதப்பு தரை வழியாக இறங்கிக் கீழே உள்ள பனியை இளக்கும். கட்டடம் ஒரு மூலையில் அமிழும், சாயும், கதவு மாட்டும். கூரையில் பட்ட பனி உருகி ஓரத்தில் மீண்டும் உறையும். வீட்டில் ஆள் இருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் வீடு மூழ்குகிறது.

மேலிருந்தும் ஆபத்து. தென்துருவத்தில் பனி பெய்வது மிகக் குறைவு; ஒரு வகையில் அது பாலைவனம். ஆனால் பெய்தது எதுவும் கரைந்து போவதில்லை. காற்று அதை வாரிக்கொண்டு வந்து, வழியில் எது நிற்கிறதோ அதன் மறைவில் குவிக்கும். ஒரு பீப்பாயை மறந்து வைத்தாலும் அடுத்த பருவத்தில் அங்கே ஒரு மேடு இருக்கும்.

அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் 1956-57 கோடையில் துருவத்தில் கட்டிய முதல் நிலையம் இப்படித்தான் புதைந்தது. 1975இல் அலுமினியக் கவிகை ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் கட்டடங்களை வைத்தார்கள். 50 மீட்டர் அகலம். காற்று உள்ளே வராது, பனியும் வராது என்பது கணக்கு. கவிகையைச் சுற்றிப் பனி ஏறிக்கொண்டே வந்தது. 2008இல் திறந்த மூன்றாவது நிலையம் கால்களின் மேல் நிற்கிறது. காற்று வரும் பக்கத்து விளிம்பை விமான இறக்கை போல வளைத்திருக்கிறார்கள். அடியில் புகும் காற்று வேகமெடுத்துப் பனியைத் தானே பெருக்கிக்கொண்டு போகிறது. போதாத காலம் வந்தால் ஜாக்கி கொடுத்து முழுக் கட்டடத்தையும் உயர்த்தலாம். கால்களுக்கிடையே காற்று ஓடுவதால் வீட்டின் சூடு கீழே பனியை எட்டுவதில்லை.

ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து திண்ணையை உயர்த்திக் கட்டுவார்கள். இவர்கள் தம் உடம்புச் சூட்டுக்குப் பயந்து திண்ணையை உயர்த்துகிறார்கள்.

*

நம் நாட்டுக் கதையும் அதேதான். முதல் இந்திய அண்டார்க்டிகப் பயணக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி 1982 ஜனவரி 9 அன்று அங்கே இறங்கியது. எஸ். இசட். காசிம் தலைவர். மூன்றாவது பயணத்தில், 1983-84 கோடையில், தட்சிண கங்கோத்ரி நிலையத்தை எட்டே வாரத்தில் எழுப்பினார்கள். 81 பேர் குழு, ராணுவத்தின் கைவேலை. முதல் தடவை எட்டு வாரத்தில் அதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் நிலையம் நின்றது கடல்மேல் மிதக்கும் பனித்தட்டில். சில ஆண்டுகளில் பனி அதை மூடியது. 1990இல் நிலையம் என்ற நிலையிலிருந்து அதை விலக்கினார்கள்.

1989இல் வந்த மைத்ரி அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. ஷிர்மாக்கர் சோலை என்று அழைக்கப்படும், பனி மூடாத பாறைப் பரப்பில், எஃகுக் கால்களின் மேல் நிற்கிறது. பக்கத்திலேயே ஓர் ஏரி; பிரியதர்ஷினி என்று பெயரிட்டார்கள். குடிநீர் அதிலிருந்துதான். 2012இல் திறந்த பாரதி நிலையத்தின் உடம்பு 134 கப்பல் கொள்கலன்கள். கப்பலில் சரக்கைக் கொண்டுவரும் பெட்டிகளையே அடுக்கி, வெளியே ஓர் உறையைப் போர்த்தி வீடாக்கியிருக்கிறார்கள். அதுவும் பாறைமேல், கால்களின் மேல்.

பாறை கிடைத்தவன் பாக்கியவான். கிடைக்காதவன் கதை கடைசியில் வருகிறது.

*

வடபக்கத்தில், அலாஸ்காவில், நிரந்தரமாக உறைந்த மண்ணில் கால் ஊன்றுகிறவர்களின் தந்திரம் ஒன்று. எண்ணெய்க் குழாய்க்குச் செய்தது, 1977. குழாயில் ஓடும் எண்ணெய் சூடானது. தாங்கும் தூண் வழியே சூடு இறங்கினால் உறைமண் சேறாகும். எனவே தூணுக்குள் மூடி அடைத்த ஓர் இரும்புக் குழல், அதற்குள் கொஞ்சம் அம்மோனியா. அடியில் மண்ணின் இலேசான சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும். மேல்முனையில் துடுப்புபோல் தகடுகள். வெளிக்குளிரில் ஆவி குளிர்ந்து துளியாகிச் சுவர் வழியே கீழே வழியும். மறுபடி ஆவி, மறுபடி துளி. மண்ணின் சூட்டை மொண்டு மொண்டு வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை, ஆள் இல்லை. கோடையில் மேல்முனை சூடானதும் சுற்று தானாக நின்றுவிடும். வெளிச்சூடு உள்ளே இறங்காது. அந்தக் குழாய் நெடுக இப்படி 1,24,000க்கு மேல்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை பம்புகளுக்கு எண்ணெய் விட்டிருப்பேன், எத்தனை கிளாண்டு இறுக்கியிருப்பேன். அசையும் பாகமே இல்லாத ஒன்று அங்கே நின்றபடி இறைத்துக்கொண்டிருக்கிறது.

*

பேர்டு என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் குளிர்காலத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

1934. அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டின் உட்புறத்தில் ஒரு சிறு மரக்குடிலைக் குழி வெட்டி இறக்கினார்கள், கூரை மட்டத்துக்குப் பனி. வானிலையைக் குறிக்க ஓர் ஆள் அங்கே குளிர்காலம் முழுக்க இருக்க வேண்டும். ரிச்சர்டு பேர்டு தானே இருப்பதாகச் சொல்லி மார்ச் 28 முதல் தனியே தங்கினார். குடிலில் அடுப்பு ஒன்று. நிலக்கரி அடுப்பாக இருந்ததை எண்ணெய் அடுப்பாக மாற்றியது. அதன் புகைக்குழாய் மூட்டுகள் சரியாகப் பொருந்தவில்லை. ரேடியோவுக்கு மின்சாரம் தரப் பனிச் சுரங்கத்தில் ஒரு சிறு பெட்ரோல் என்ஜின். காற்றுப்போக்கிகளில் மூச்சின் ஈரமும் புகையின் ஈரமும் உறைந்து உறைந்து வாயை அடைத்தன.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே எந்த ஃபிட்டரும் எழுந்து நின்றுவிடுவான். கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, நிறமில்லை.

மே கடைசியில் என்ஜின் இருந்த சுரங்கத்தில் விழுந்தார். தவழ்ந்து படுக்கைக்கு வந்தார். அதற்குப் பின் இரண்டு மாதத்துக்கும் மேல் அவர் நடத்திய கணக்கை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். அடுப்பு எரிந்தால் நஞ்சு. அணைத்தால் குளிர். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எரிய விடலாம்? பகலில் நெடுநேரம் அணைத்தே வைத்தார். சுவர்களில் உள்பக்கமாகப் பனிப்படலம் ஏறி வந்தது. கொஞ்சம் நஞ்சு, கொஞ்சம் குளிர் என்று இரண்டையும் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டு உயிரோடு இருந்தார்.

உதவி கேட்கவில்லை. கேட்டால் இருட்டில், பனிவெடிப்புகளைத் தாண்டி ஆட்கள் வருவார்கள், வழியில் சாவார்கள் என்ற பயம். ஆனால் முதன்மை முகாமில் இருந்தவர்களுக்கு அவர் தட்டும் மோர்ஸ் குறிகளின் தடுமாற்றமே சொல்லிவிட்டது. என்ஜின் கெட்டபின் ஒரு கையால் டைனமோவைச் சுற்றிக்கொண்டே மறு கையால் தட்டியவர் அவர். ஆகஸ்டில் மூவர் டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள். 1938இல் இதையெல்லாம் அவரே புத்தகமாக எழுதினார்.

எல்லோரும் அந்தப் புத்தகத்தைத் தனிமையின் புத்தகமாகப் படிக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது பொருந்தாத ஒரு குழாய் மூட்டின் புத்தகம். அந்த மூட்டைக் கோவாவிலோ ஈரோட்டிலோ ஒரு தகரக்காரர் அரை மணி நேரத்தில் சரிசெய்திருப்பார். அங்கே அரை மணி நேரம் இருந்தது, தகரம் இருந்தது. தலைசுற்றாமல் நிற்கக்கூடிய ஓர் ஆள் இல்லை.

ஒரு மார்கழி இரவில் எங்கள் காவலாளி கரியடுப்பை உள்ளே வைத்துச் சிறு அறையைச் சாத்திக்கொண்டு படுத்தான். நான் கதவைத் தட்டியது தற்செயல்தான். இன்றும் பார்க்கும்போதெல்லாம் “அன்னிக்கு நீங்க தட்டலைன்னா…” என்று ஆரம்பிப்பான். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்காது. கதவைத் தட்டியது தீப்பெட்டி கேட்க.

*

தீ.

உலகின் மிகக் குளிர்ந்த கண்டத்தில் மனிதர்கள் மிகவும் அஞ்சுவது தீக்கு. காற்று உலர்ந்தது, மரமும் பஞ்சும் காய்ந்து கிடக்கும், காற்று ஓயாமல் அடிக்கும், அணைக்கத் தண்ணீர் திரவமாக இருக்காது. 1982 ஏப்ரல் 12 அன்று சோவியத் நிலையமான வோஸ்தோக்கில் டீசல் மின்நிலையம் எரிந்தது. மெக்கானிக் ஒருவர் இறந்தார். குளிர்காலம் தொடங்கிவிட்டது; விமானம் வர வழியில்லை. மிச்சமிருந்த 20 பேர், எரிவாயு உருளைகளை வெட்டி அடுப்பாக்கி, திரி திரித்து மெழுகுவத்தி வார்த்து, பழைய ஜெனரேட்டர் ஒன்றைத் தேற்றி, மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அளவுக் கருவிகளைப் படிப்பதையும் முடிந்தவரை தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 21 அன்று அதே இடத்தில்தான் −89.2 டிகிரி பதிவாயிற்று.

பிரேசிலின் ஃபெராஸ் நிலையம் 2012 பிப்ரவரியில் எரிந்தது. தீ தொடங்கியது ஜெனரேட்டர் அறையில். இருவர் இறந்தார்கள்.

இரண்டிலும் ஜெனரேட்டர் அறை. நெஞ்சு இருக்கும் இடம்தான் நோவும்.

*

அந்த நெஞ்சைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். டீசல் என்ஜின் தான் குடிக்கும் எண்ணெயில் பாதிக்கும் குறைவாகத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. மீதி சூடு. எங்கள் ஊர்களில் அதை ரேடியேட்டர் வழியாக வானத்துக்கு ஊதிவிடுகிறோம். அங்கே என்ஜினைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீரின் சூட்டை அறைகளைச் சூடாக்க அனுப்புகிறார்கள். தென்துருவ நிலையத்தில் அதே சூடு கிணறும் வெட்டுகிறது.

கிணறு என்றால் கிணறுதான். பனிக்குள் ஒரு துளை போட்டு, சூடான நீரை இறக்கி, ஆழத்தில் குடம்போல ஒரு குழிவை உருக்கிக்கொள்கிறார்கள். அங்கிருந்து நீரை மேலே இறைத்து, ஒரு பங்கைச் சூடாக்கித் திருப்பி அனுப்பினால் குழிவு உறையாமல் விரிந்துகொண்டே போகும். கிரீன்லாந்தில் பனிக்கடியில் அமெரிக்க ராணுவம் நடத்திய முகாமில் 1960 வாக்கில் ராவுல் ரோட்ரிகஸ் என்ற பொறியாளர் வகுத்த முறை. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். சில ஆண்டுகளில் குழிவு மிக ஆழம் போய்விடும். புதிதாக ஒன்று தொடங்குவார்கள். பழையது கழிவுநீர்க் குழியாகும். அவ்வளவு பாடுபட்டு இறைத்தும் குளியல் வாரம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிடம்.

தென்துருவக் கிணற்றின் அடியில் நடந்தது ஒன்று. பனி உருகும்போது அதனுள் இருந்த தூசு கீழே படியும். பூமியில் வேறெங்கும் தூசு என்றால் மண், புகை, மகரந்தம், துணி நூல் எல்லாம் கலந்தது. துருவப் பனியில் அவை கிட்டத்தட்ட இல்லை. இருப்பதில் வானத்திலிருந்து விழுந்தது கண்ணில் படும் அளவுக்கு இருக்கிறது. 1995இல் ஓர் உறிஞ்சு கருவியைக் கிணற்றுக்குள் இறக்கித் தரையைப் பெருக்கி எடுத்தார்கள். வந்தது ஆயிரக்கணக்கான நுண் விண்கற்கள். மயிரிழைத் தடிமனில் உருண்டை உருண்டையாக, கண்ணாடிபோல. உருகிய பனி கி.பி. 1100க்கும் 1500க்கும் இடையில் பெய்தது என்பதால், கற்களும் அந்தக் காலத்தில் விழுந்தவை. இங்கே சோழர் ஆட்சி நடந்தபோதும் அதற்குப் பின்பும் வானிலிருந்து விழுந்த பொடி, சமையலறைக்குத் தண்ணீர் இறைத்த குழியின் அடியில் காத்திருந்தது.

குடிதண்ணீர் கேட்டு வெட்டிய குழி அது.

*

தென்துருவத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைப் பிடிக்க ஐஸ்கியூப் என்ற கருவி இருக்கிறது. ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 5,160 கண்ணாடிக் கோளங்கள். அதைப் பற்றி இயற்பியல்காரர்கள் எழுதட்டும். நான் பார்த்தது துளையை. 86 துளைகள், ஒவ்வொன்றும் சுமார் 60 செ.மீ. அகலம், 2,450 மீட்டர் ஆழம். துளைத்தது சூடான நீர். கொதிநிலைக்குச் சற்றே குறைந்த நீரை அழுத்தத்தில் பீச்சிக்கொண்டே குழாயை இறக்குவார்கள். ஒரு துளைக்கு ஏறக்குறைய இரண்டு நாள், இரவு பகலாக. அது உறைவதற்குள் 60 கோளங்கள் கோத்த வடத்தை இறக்கிவிட வேண்டும். உறைந்தபின் எந்தக் கோளத்தையும் வெளியே எடுக்க வழியில்லை. இறக்குகிறவன் கைமுடிச்சு கடைசி முடிச்சு.

2010 டிசம்பரில் 86ஆவது துளை முடிந்தது. அந்தக் கொதிகலன்களுக்கு அருகே நின்ற ஆட்களைத்தான் நான் ஒருமுறை பார்க்க விரும்பினேன். முகத்தில் உறைபனி, முதுகில் அடுப்பு.

*

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள், கோவா துருவ ஆய்வு மையத்தாருடன் சேர்ந்து, 2014 ஜூலையில் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டின் காங்ஸ் ஃபியோர்டில் ஒரு கருவித் தொடரை இறக்கினார்கள். இந்தார்க் என்று பெயர். 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு, கம்பி நெடுக வெப்பமும் உப்பும் நீரோட்டமும் அளக்கும் கருவிகள். குளிர்காலம் முழுக்க ஆளில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும். பிறகு வந்து எடுத்துப் பார்க்க வேண்டும். குளிரில் பேட்டரி சுருங்கிப் போகும், உப்பில் இரும்பு போகும், இருந்தும் வேலை செய்ய வேண்டும். வேர்த்து வழியும் ஊரில் உட்கார்ந்து, உறையும் நீருக்கு நட்டு போல்ட் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கரையில் இருக்கும் நீ-ஆலசுண்டில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இருக்கிறது. அந்த ஊரில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் தடை. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கி தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் கைபேசி அதற்குக் கூச்சல். வந்து இறங்குகிறவர்கள் கைபேசியை வாய்மூட வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

எனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது. போக மாட்டேன். முழங்கால் விடாது.

*

துருவப்புள்ளியைக் குறிக்க அங்கே ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அடியில் இருக்கும் பனி ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது; கம்பமும் நிலையமும் அதன்மேல் சவாரி. ஆகவே ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் சரியான புள்ளியை அளந்து புதுக் கம்பம் நடுகிறார்கள். அதன் தலையில் வைக்கும் குமிழை அந்தக் குளிர்காலம் தங்கியவர்கள் வடிவமைக்க, நிலையத்துப் பட்டறையிலேயே கடைந்து எடுக்கிறார்கள். ஆறு மாத இருட்டில் யாரோ ஒருவர் பித்தளைக் கட்டையை லேத்தில் பிடித்து மெல்ல மெல்லச் சீவியிருப்பார். சுருள் சுருளாக விழும் பித்தளைச் சீவலின் வாசனை எனக்குத் தெரியும்.

*

பாறை கிடைக்காதவர்கள் கதை.

பிரிட்டனின் ஹாலி நிலையம் 1956 முதல் பிரண்ட் பனித்தட்டில் இருக்கிறது. கடல்மேல் மிதக்கும் தட்டு, அதுவும் கடலை நோக்கி நகர்வது. முதல் நான்கு நிலையங்களும் பனிக்குள் புதைந்து நசுங்கின. ஐந்தாவது கால்களில் நின்றது. ஓசோன் படலத்தில் துளை விழுந்திருப்பதை 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் உலகுக்குச் சொன்னது ஹாலியில் ஆண்டாண்டாக எடுத்த அளவீடுகளிலிருந்து. விடாமல் அளந்ததால்தான் தெரிந்தது. விடாமல் அளக்க, விடாமல் ஒருவன் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் அடிக்கோடிட்ட வரி இது ஒன்றுதான்.

2012இல் ஆறாவது ஹாலி. எட்டுப் பெட்டிகள், ரயில்போலக் கோத்தவை. ஏழு நீலம், நடுவில் ஒன்று சிவப்பு. கால்களின் அடியில் பெரும் பனிச்சறுக்குப் பலகைகள். பனி ஏறினால் காலை உயர்த்தி, அடியில் பனியைத் தள்ளி மிதித்து, மீண்டும் ஊன்றிக்கொள்ளும். வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி இழுத்துப் போகலாம். கட்டியவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு கட்டினார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

வேண்டியும் வந்தது. பல பத்தாண்டுகள் அசையாதிருந்த ஒரு பழைய வெடிப்பு நீளத் தொடங்கியது. 2016-17 கோடையில் எட்டுப் பெட்டிகளையும் டிராக்டரில் கட்டி 23 கி.மீ. உள்ளே இழுத்துப் போனார்கள். அதற்குள் இன்னொரு பக்கம் புது வெடிப்பு. 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே ஆள் தங்குவதில்லை. ஒரு பெட்டிக்குள் சிறு டர்பைன் ஒன்று தனியே ஓடிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கிறது. ஓசோன் அளவீடும் நடக்கிறது. ஆளில்லாத இருட்டில் கணப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. மேஸ்திரி இருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

2023 ஜனவரி 22 மாலை அந்தப் பழைய வெடிப்பு முழுதாக அறுந்தது. 1,550 சதுர கி.மீ. பனி பிரிந்து கடலுக்குள் போயிற்று. ஹாலி முன்பு நின்ற இடமும் அதோடு போயிற்று. புதிய இடத்தில் அன்று 21 பேர் இருந்தார்கள், மின்சாரத்தையும் கருவிகளையும் அடுத்த குளிர்காலத்துக்குத் தயார் செய்ய வந்தவர்கள். அழைத்துப் போகும் விமானம் பிப்ரவரி முதல் வாரத்தில்தான். அதுவரை வேலையைத் தொடர்ந்தார்கள்.